கம்பியைத் தேடிய கோல்

பழைய கொழும்பின் அஞ்சலட்டைப் படங்களைப் பொக்கிஷம்போலச் சேர்த்து வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் வீட்டுக்குப் போனால் தேநீர் வருவதற்கு முன்பே படங்கள் வந்துவிடும். அண்மையில் ஒருநாள் அவர் காட்டிய படத்தில் புறக்கோட்டை வீதி இருந்தது. மாட்டு வண்டிகள், ரிக்‌ஷாக்கள், குடை பிடித்து நடக்கும் மனிதர்கள், இவர்கள் எல்லோருக்கும் நடுவே பக்கச் சுவரில்லாத ஒரு ட்ராம் வண்டி. அதன் கூரையிலிருந்து மெல்லிய கோல் ஒன்று பின்பக்கமாகச் சாய்ந்து எழுந்து, வீதிக்கு மேலே ஓடும் கம்பியைத் தொட்டுக் கொண்டிருந்தது.

நண்பரின் பேரன் அந்தக் கோலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“தாத்தா, இந்த வண்டிக்கு மேலை ஏன் தூண்டில் தடி கட்டிவைச்சிருக்கு?”

நாங்கள் இருவரும் சிரித்தோம். “அதாலைதானடா கறண்ட் வருகுது” என்றார் நண்பர். பையன் விடவில்லை. “வண்டி ஓடேக்கை தடி வழுக்கி விழாதோ?” என்று கேட்டான்.

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் மறுமொழி தெரியவில்லை. ஓடுகின்ற வண்டி, ஆடுகின்ற கூரை, அசைகின்ற கம்பி. இவற்றுக்கு நடுவில் ஒரு கோலின் நுனி கணமும் பிரியாமல் எப்படித் தொட்டுக்கொண்டு போகிறது? வீடு திரும்பிய பின்னரும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத் தேடிப் படித்தபோதுதான், மின்சார ட்ராம் வண்டியின் வரலாறே பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான் என்று விளங்கிற்று. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

மின்சாரத்துக்கு முன்னர் நகரத்துத் தண்டவாளங்களில் வண்டி இழுத்தவை குதிரைகள். நியூயோர்க் நகரில் 1832ஆம் ஆண்டிலேயே குதிரை ட்ராம் ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு வண்டியை நாள் முழுவதும் ஓட்டுவதற்குப் பல சோடிக் குதிரைகளை மாற்றி மாற்றிப் பூட்ட வேண்டும். கல் பதித்த வீதியில் சுமை இழுத்துச் சில ஆண்டுகளிலேயே அவை ஓய்ந்துபோகும். தீனிச் செலவும் இலாயச் செலவும் கொம்பனிகளின் வருமானத்தை விழுங்கின. 1872ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வட அமெரிக்காவெங்கும் குதிரைகளுக்கு ஒரு தொற்றுநோய் பரவியது. நகரங்கள் அப்படியே ஸ்தம்பித்தன. சில இடங்களில் மனிதர்களே வண்டிகளை இழுத்தார்கள். குதிரையை நம்பி ஒரு நகரம் வாழ முடியாது என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் உணர்த்தியது.

மின்மோட்டார் அப்போது தெரியாத பொருளல்ல. ஆனால் மோட்டார் வண்டியில் இருக்கிறது. மின்சாரத்தைப் பிறப்பிக்கும் இயந்திரமோ நகரின் ஒரு மூலையில் நிலையாக நிற்கிறது. நிற்பதையும் ஓடுவதையும் எப்படி இணைப்பது? மின்கலங்களை வண்டியிலேயே ஏற்றிப் பார்த்தார்கள். ஈயமும் அமிலமும் நிறைந்த அந்தப் பெட்டிகள் பயணிகளின் பாரத்தோடு போட்டி போட்டன. ஆகவே ஓடும்போதே மின்சாரத்தைத் தொட்டு எடுக்கும் வழி ஒன்று வேண்டியிருந்தது.

ஜேர்மனியைச் சேர்ந்த வேர்னர் சீமென்ஸ் 1879ஆம் ஆண்டு பேர்லின் கைத்தொழிற் கண்காட்சியில் ஒரு சிறிய மின்சார இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். தண்டவாளங்களின் நடுவே கிடந்த மூன்றாவது தண்டிலிருந்து அது மின்சாரத்தைப் பெற்றது. 1881ஆம் ஆண்டு பேர்லினுக்கு அருகிலுள்ள லிச்டர்பெல்டே என்னும் இடத்தில் பொதுமக்களுக்கான மின்சார ட்ராமை அவர் ஓடவிட்டார். இரண்டரைக் கிலோமீற்றர் தூரம். 180 வோல்ட் மின்சாரம். இரண்டு தண்டவாளங்களையுமே மின்கம்பிகளாகப் பயன்படுத்தினார். எளிய வழிதான். ஆனால் தண்டவாளத்தைக் குறுக்கறுத்துச் சென்ற குதிரைகளுக்கு அதிர்ச்சி பட்டது, மனிதர்களுக்கும் பட்டது. லாடம் அடித்த கால்களோடு இரண்டு தண்டவாளங்களையும் ஒருசேர மிதித்த குதிரையின் நிலையை எண்ணிப் பாருங்கள்! மின்சாரம் மனிதர் நடமாடும் தரையில் கிடக்கக்கூடாது என்பது முதற் பாடம்.

தரையில் வேண்டாமென்றால் ஒன்றில் மேலே போகவேண்டும், அல்லது நிலத்துக்குள்ளே போகவேண்டும். இரண்டையும் முயன்றார்கள்.

இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில் 1885ஆம் ஆண்டு நிலத்துக்குள்ளே மின்சாரம் செலுத்தினார்கள். தண்டவாளங்களின் நடுவே ஒரு நீண்ட வெடிப்பு, அதன் கீழே ஒரு கால்வாய், அதற்குள்ளே மின்தண்டு. வண்டியின் அடியிலிருந்து ஒரு நாக்கு அந்த வெடிப்பினூடாக இறங்கித் தண்டைத் தொடும். ஆனால் பிளாக்பூல் ஒரு கடற்கரைப் பட்டினம். கடல்மணலும் உப்புநீரும் கால்வாயை நிரப்பின. அலை அடித்த நாளில் மின்சாரம் கடலுக்குப் போயிற்று. பல ஆண்டுகள் பொறுத்த பின்னர் 1899இல் மேல்கம்பிக்கு மாறினார்கள்.

மேலே கம்பி கட்டியவர்களுக்கும் நிம்மதியில்லை. சீமென்ஸ் கொம்பனி, அடிப்பக்கம் பிளந்த குழாய்களை வீதிக்கு மேலே தொங்கவிட்டது. குழாய்க்குள்ளே ஒரு சிறு ஓடம்போன்ற துண்டு வழுக்கிக்கொண்டு போகும். அதை வண்டி ஒரு கயிற்றால் இழுத்துச் செல்லும். 1883இல் வியன்னாவுக்கு அருகிலும், 1884இல் பிராங்பர்ட் பக்கத்திலும் இப்படி ட்ராம் ஓடியது. பாதை பிரியும் இடங்களில் குழாயைப் பிரிப்பது பெரும்பாடாக இருந்தது. அமெரிக்காவில் லியோ டாவ்ட் என்பவர் இரண்டு கம்பிகளின் மேலே நான்கு சில்லுச் சிறுவண்டி ஒன்றை உருளவிட்டு, அதைக் கீழே ஓடும் வண்டியோடு கம்பி வடத்தால் பிணைத்தார். நாய்க்குட்டியைக் கயிற்றில் கட்டி இழுப்பதுபோலப் பெரிய வண்டி சிறிய வண்டியை இழுத்துப்போகும். அது கம்பியிலிருந்து தவறினால் வீதியில் போகிறவர்களின் தலையில் விழும். வண்டியின் கூரையிலும் விழும். கம்பியில் உருண்ட இந்தச் சிறுவண்டியிலிருந்துதான் ‘ட்ரொலி’ என்ற பெயர் வழக்குக்கு வந்தது என்பார்கள். சாதனம் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது.

இந்த முயற்சிகளை வரிசையாகப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. எல்லோரும் கம்பியைப் பற்றிப் பிடிக்கத்தான் முயன்றிருக்கிறார்கள். குழாய்க்குள் அடைத்தார்கள், மேலே ஏற்றி உட்காரவைத்தார்கள். பிடி இறுக இறுக, தவறும்போது நேரும் சேதமும் பெரிதாயிற்று.

விடை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. கம்பியின் மேலே ஏறாதே, கீழேயிருந்து தொடு. பிடிக்காதே, மெல்ல அழுத்து. இவ்வளவுதான்.

இந்த எண்ணத்தைச் செயலில் காட்டியவர்களில் ஒருவர் பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய சார்ள்ஸ் வான் டிபோல். மரச்சிற்ப வேலையும் தளபாட வேலையும் செய்து பிழைத்தவர். மின்சாரம் அவருடைய காதல். 1885ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ கண்காட்சியில், கூரையிலிருந்து எழுந்த கோலின் நுனிச் சில்லு கம்பியைக் கீழிருந்து அழுத்தும் வண்டியை அவர் ஓட்டிக் காட்டினார். மற்றவர் பிராங் ஸ்பிரேக். அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். 1882ஆம் ஆண்டு லண்டனுக்குப் போயிருந்தபோது, புகை மண்டிய சுரங்கப் புகையிரதத்தில் பிரயாணம் செய்துகொண்டே இதை மின்சாரத்தால் ஓட்டலாமே என்று எண்ணினார். மேலே ஒரு மின்தளம், கீழே ஒரு மின்தளம், இரண்டுக்கும் நடுவே வண்டி என்று தொடங்கிய அந்தக் கற்பனை, மேல்கம்பியைக் கீழிருந்து தொடும் சில்லு என்ற இடத்தில் வந்து நின்றது. யார் முதலில் எண்ணினார் என்று பின்னாளில் வழக்காடினார்கள். ஆனால் அந்த எண்ணத்தை ஒரு நகரம் முழுவதும் ஓடவைத்த பெருமை ஸ்பிரேக்குக்கே உரியது.

அந்த நகரம் வேர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட். 1887ஆம் ஆண்டு ஸ்பிரேக் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 12 மைல் பாதை, 40 வண்டிகள், 80 மோட்டார்கள், மின்நிலையம் எல்லாவற்றையும் 90 நாட்களில் அமைத்துத் தரவேண்டும். வண்டிகள் ஒழுங்காக ஓடினால் 110,000 டொலர், ஓடாவிட்டால் ஒன்றுமில்லை. கையெழுத்திட்டபோது அவரிடம் இருந்தவை சில வரைபடங்களும் பரிசோதனைக் கருவிகளும்தான். அப்போது அவருக்கு வயது 29. அதற்குப் பின்னர் நெருப்புக் காய்ச்சலில் பல வாரம் படுக்கையில் விழுந்தார். எழுந்து வந்து ரிச்மண்டைப் பார்த்தபோது, பாதை வளைந்து நெளிந்து கிடந்தது. நூறு அடிக்குப் பத்தடி ஏறும் செங்குத்தான மேடுகள் இருந்தன.

ஓர் இரவு சோதனை வண்டியை அவரே ஓட்டி அந்த மேட்டில் ஏற்றினார். வண்டி எப்படியோ உச்சிக்குப் போயிற்று. சிறிது தூரம் போனதும் மோட்டார் கெட்டு நின்றது. நாடகக் கொட்டகையிலிருந்து வெளியே வந்த கூட்டம் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. ஸ்பிரேக் தம் உதவியாளரை உரத்த குரலில் அழைத்து, சிறு கோளாறுதான், போய்க் ‘கருவிகளை’ எடுத்து வாரும் என்றார். பின்பு விளக்கை அணைத்துவிட்டு ஆசனத்தில் நீட்டிப் படுத்துவிட்டார். கூட்டம் பார்த்துச் சலித்துக் கலைந்தது. நள்ளிரவுக்குப் பின்னர் கருவிகள் வந்து சேர்ந்தன. நான்கு கோவேறு கழுதைகள்! அவைதான் அன்றைய மின்சார வண்டியைக் கொட்டகைக்கு இழுத்துச் சென்றன.

மோட்டாரின் கதை ஒருபுறம். கோலின் கதை மறுபுறம். கோல் இல்லாவிட்டால் நல்ல மோட்டாரும் வெறும் இரும்புதான். ரிச்மண்டின் வளைவுகளிலும் சந்திகளிலும் கோல் மீண்டும் மீண்டும் கம்பியை விட்டு வழுவியது. ஸ்பிரேக்கின் ஆட்கள் பல பத்து வடிவங்களைச் செய்து பார்த்து, ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். கடைசியில் நிலைபெற்ற வடிவம் பார்வைக்கு மிக எளியது.

கூரையின் நடுவில் எப்பக்கமும் திரும்பக்கூடிய ஓர் அடித்தளம். அதில் வலிய சுருள்வில்கள். அவற்றிலிருந்து எழுந்து பின்னோக்கிச் சாயும் நீண்ட கோல். நம் ஊர்த் துலாவைப் பார்த்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். துலாவின் அடிப்பாரம் அதன் நுனியை எப்பொழுதும் மேலே தூக்கப் பார்க்கும் அல்லவா? அதே வேலையை இங்கே சுருள்வில் செய்கிறது. கோலின் நுனியில் பள்ளம் விட்ட ஒரு சிறு வெண்கலச் சில்லு. கிணற்றுக் கப்பியின் பள்ளத்தில் கயிறு கிடப்பதுபோல அந்தச் சில்லின் பள்ளத்தில் மின்கம்பி கிடக்கும். வண்டி குலுங்கினால் வில் நீளும், சுருங்கும். வண்டி பக்கமாக ஆடினால் அடித்தளம் திரும்பிக் கொடுக்கும். கம்பி தாழ்ந்தால் கோல் தாழும், உயர்ந்தால் உயரும். எங்கும் இறுக்கமில்லை, எங்கும் முறுக்கமில்லை. வளைந்து கொடுப்பதால்தான் அது விலகாமல் இருந்தது.

கம்பியும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். சில்லு கீழே தடையின்றி ஓடுவதற்காக, கம்பியைத் தாங்கும் கவ்விகள் மேற்பக்கத்தை மட்டும் பிடித்தன. தண்டவாளம் வளையும் இடங்களில் கம்பியை வளைக்க முடியாது. பக்கக் கம்பிகளால் இழுத்து இழுத்துச் சிறு சிறு நேர்கோடுகளாக மடித்தார்கள். பாதை பிரியும் இடத்தில் கம்பியில் ஓர் உலோகத் தகடு பொருத்தினார்கள். சில்லு அதில் ஏறியதும், கீழே வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கக் கம்பிக்கு இழுபட்டுப் போய்ச் சேரும். மேலே ஒருவரும் திருப்பத் தேவையில்லை. மின்சாரம் கம்பியால் வந்து, மோட்டாரைச் சுற்றி, சில்லுகள் வழியே தண்டவாளத்தில் இறங்கி மின்நிலையத்துக்குத் திரும்பும். அதனால் ஒரு கம்பியே போதுமாயிற்று.

1888ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ரிச்மண்டில் வண்டிகள் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கின. ஒப்பந்தத்தில் ஸ்பிரேக்குக்கு ஏறத்தாழ 75,000 டொலர் நட்டம். ஆனால் அந்த ஆண்டே போஸ்டன் நகர ட்ராம் கொம்பனியின் தலைவர் ஹென்றி விற்னி வந்து பார்த்தார். ஒரே இடத்தில் பல வண்டிகள் சேர்ந்துவிட்டால் மின்சாரம் போதுமா என்பது அவருடைய ஆட்களின் ஐயம். ஸ்பிரேக் ஓர் இரவில் 22 வண்டிகளைப் பாதையின் ஒரு கோடியில் நெருக்கமாக நிறுத்தினார். என்ன நடந்தாலும் இயந்திரத்தை நிறுத்தாதே என்று மின்நிலையத்துக்குச் சொல்லிவைத்தார். விளக்கை அசைத்துச் சைகை கொடுத்ததும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. விளக்குகள் மங்கி மங்கி அணையும் நிலைக்கு வந்தன. பின்னர் மெல்ல மெல்லப் பிரகாசித்தன. 22 கோல்களும் ஒரே கம்பியிலிருந்து உண்டு 22 வண்டிகளையும் கொண்டுபோயின. விற்னி தயக்கத்தை விட்டார். 1889ஆம் ஆண்டின் முதல் நாளே போஸ்டனில் மின்சார ட்ராம் ஓடியது. அதன் பின்னர் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்க நகரங்களில் குதிரை ட்ராம் அருகிப்போயிற்று. நகரின் நெருக்கத்தில் வாழ்ந்த தொழிலாளி குறைந்த கட்டணத்தில் பல மைல் தள்ளிப்போய்க் குடியிருக்க முடிந்தது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இந்தத் தேருக்கு அச்சாணி கூரைக்கு மேலே இருந்தது.

ஆனால் நேயர்களே, இத்தோடு நிறுத்தினால் கதை பாதிதான். கோல் வழுவாமல் ஓடியது என்று சொன்னேன். முற்றிலும் வழுவாமல் அல்ல. வேகமாகத் திரும்பும்போதும், தகட்டில் தவறும்போதும் சில்லு கம்பியை விட்டுக் கழன்றுவிடும். அந்த வேளையில் சுருள்வில் கோலை மேலே வீசும். அது தாங்குகம்பிகளில் மோதும். சில வேளை அவற்றை அறுத்தும்விடும். மின்சாரம் நின்று வண்டியும் நிற்கும். வண்டி விளக்குகளும் அதே மின்சாரத்தில் எரிந்தவைதானே, இரவானால் உள்ளே ஒரே இருள்.

அப்போது இறங்கி வருபவர் கொண்டக்டர். கோலின் நுனியிலிருந்து வண்டியின் பின்பக்கத்துக்கு ஒரு கயிறு தொங்கும். அவர் அந்தக் கயிற்றைப் பிடித்து, கழுத்தை அண்ணாந்து, இருளில் கம்பியைத் தேடிச் சில்லை அதில் பொருத்த வேண்டும். பொருந்தும்போது நீல நிறத்தில் பொறி பறக்கும். பொறியோடு விளக்குகளும் எரியும். பயணத்தின் முடிவிடத்திலும் இவருக்கு வேலை உண்டு. கோல் எப்போதும் பின்னால் இழுபட வேண்டும். முன்னால் தள்ளப்பட்டால் கம்பிச் சந்திகளில் குத்திக்கொள்ளும். ஆகவே வண்டி திரும்பும் ஒவ்வொரு முறையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி நடந்து, கோலை மறுபக்கம் திருப்பிவிட வேண்டும். மழையிலும் இதே வேலை. கம்பியில் பனிக்கட்டி உறையும் ஊர்களில் பனியிலும் இதே வேலை. பின்னர் கயிறு வெட்டென்று இழுபட்டதும் கோலைப் பிடித்து நிறுத்தும் சுருள்பெட்டிகள் வந்தன. அதற்குப் பின்னும் கழன்ற கோலைக் கம்பியில் சேர்த்தது மனிதக் கைதான். ஸ்பிரேக்கின் பெயர் நூல்களில் இருக்கிறது. ஒவ்வோர் இரவும் அந்தக் கயிற்றைப் பிடித்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

வீதியில் நடந்தவர்களுக்கும் இந்த வேகம் புதிது. நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் ட்ராம் வண்டிகளில் அடிபட்டு இறந்தவர்கள் பலர். அங்கு வாழ்ந்தவர்களை ‘ட்ரொலிக்குத் தப்பி ஓடுபவர்கள்’ என்று கேலியாக அழைத்தார்கள். அந்தக் கேலிப் பெயர் 1890களில் அவ்வூர் பேஸ்போல் குழுவுக்கு ஒட்டிக்கொண்டது. அந்தக் குழு 1958இல் லொஸ் ஏஞ்சலிசுக்குப் பெயர்ந்தது. ட்ராமும் இல்லை, புரூக்ளினும் இல்லை. டொட்ஜர்ஸ் என்ற பெயர் மாத்திரம் இன்றும் இருக்கிறது.

மேல்கம்பியின் தோற்றத்தை விரும்பாத நகரங்களும் இருந்தன. அழகிய வீதிகளுக்கு மேலே சிலந்திவலை பின்னவிட மாட்டோம் என்றார்கள். புடாபெஸ்ட் 1889இல் நிலக்கால்வாய் முறையை ஏற்றது. வாஷிங்டன் நகரின் மையப் பகுதியில் மேல்கம்பியை அமெரிக்கக் காங்கிரஸ் சபையே தடைசெய்தது. லண்டனின் பெரும்பகுதியும் கால்வாய் முறைக்கே போயிற்று. அந்த நகரங்களின் புறப்பகுதிகளில் மேல்கம்பி இருந்தது. எல்லையில் வண்டி நிற்கும். வாஷிங்டனில் குழிக்குள் இருக்கும் ஒரு தொழிலாளி வண்டியின் அடியில் நாக்கைக் கழற்றுவார், அல்லது பூட்டுவார். மேலே ஒருவர் கோலை ஏற்றுவார், அல்லது இறக்குவார். நகரத்தின் அழகைக் காப்பாற்ற ஒரு மனிதர் நாள் முழுவதும் குழியில் நின்றார். லண்டனில் இது 1952 வரையிலும் வாஷிங்டனில் 1962 வரையிலும் நடந்தது.

நமது பக்கத்து ஊரான சென்னையும் 1895ஆம் ஆண்டு மின்சார ட்ராமைத் தொடங்கியபோது நிலக்கால்வாய் முறையையே கைக்கொண்டது. இந்தியாவின் முதலாவது மின்சார ட்ராம் அது. பின்னர் அதுவும் மேல்கம்பிக்கு மாறியது, 1953இல் நின்றது.

கோலுக்குப் போட்டியாகவும் சில வந்தன. சீமென்ஸ் கொம்பனியின் பொறியியலாளர் வால்டர் ரைக்கல், கோலுக்குப் பதிலாக அகன்ற வில் ஒன்றைக் கூரையில் நிறுத்தினார். அதன் மேற்பட்டம் கம்பிக்குக் குறுக்கே கிடக்கும். கம்பி சிறிது இடமோ வலமோ போனாலும் பட்டத்தை விட்டு விலகாது. ஆனால் கம்பி ஒரே இடத்தில் உரசினால் பட்டம் அறுபட்டுப் போகுமே? அதற்காகக் கம்பியையே நேராகக் கட்டாமல், இடமும் வலமுமாகச் சற்று விலக்கி விலக்கிக் கட்டினார்கள். அதனால் தேய்வு பட்டம் முழுவதும் பகிரப்பட்டது. இன்று மின்சாரப் புகையிரதப் பாதைகளில் கம்பி சற்றே வளைந்து வளைந்து போவதைப் பார்த்தால், அது கட்டியவரின் கவனக்குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். 1903ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியில் சாய்சதுர வடிவில் மடங்கி நிமிரும் சட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. 1955இல் பிரான்சின் லூயி பைவெலே அதை முழங்கை மடித்தாற்போன்ற ஒற்றைக் கையாக்கினார். 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி பிரெஞ்சுப் புகையிரதம் ஒன்று மணிக்கு 574.8 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிச் சாதனை படைத்தபோதும், கூரையிலிருந்து எழுந்த ஒரு கைதான் கம்பியை அழுத்திச் சென்றது. தொடுகையால் கம்பியில் எழும் அலையைச் சமாளிப்பதற்காக அன்று கம்பியை வழமையைவிட விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். வேகம் எவ்வளவோ ஏறிவிட்டது. சிக்கல் மாத்திரம் ரிச்மண்டில் இருந்த அதே சிக்கல்தான்.

நம் கொழும்புக்கு மின்சார ட்ராம் வந்தது 19ஆம் நூற்றாண்டு முடிந்து 20ஆம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில். பூஸ்டட் சகோதரர்கள் என்ற கொம்பனி நடத்தியது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும், புறக்கோட்டையிலிருந்து பொரளைக்கும் வண்டிகள் ஓடின. 1944இல் மாநகர சபை அதைப் பொறுப்பேற்றது. 1953இல் ட்ரொலி பஸ்கள் வந்தன. இறப்பர் டயர்களில் ஓடியதால் மின்சாரம் திரும்பிப் போகத் தண்டவாளம் இல்லை. ஆகவே அவற்றுக்கு இரண்டு கம்பிகள், இரண்டு கோல்கள். ட்ராம் 1960இலும் ட்ரொலி பஸ் 1964இலும் மறைந்தன. ரிச்மண்டில் ட்ராம் 1949இலேயே நின்றுவிட்டது. ஆனால் நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1920களின் வண்டிகள் இன்னும் கோலோடு ஓடுகின்றன. ஹொங்கொங் நகரின் மாடி ட்ராம்களும் அப்படியே.

மறுவாரம் நண்பர் வீட்டுக்குப் போனேன். பேரனைக் கூப்பிட்டு, “தம்பி, நீ கேட்டது சரி. அந்தத் தடி வழுக்கும்தான்” என்றேன். “வழுக்காமல் இருக்கிறதுக்காக அதை இறுக்கிக் கட்டிப் பார்த்தாங்கள், சரிவரேல்லை. பிறகு கொஞ்சம் ஆடவிட்டு, கீழையிருந்து மெல்லமாய்த் தொடவிட்டாங்கள். அப்பவும் எப்பவாவது கழன்றால் எடுத்துப் பூட்ட ஒரு ஆள் கயிற்றோடை பின்னாலை நிண்டவர்.”

பையன் படத்தை மறுபடியும் எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, வண்டியின் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தான்.

“கயிறு தெரியுது. ஆள்?” என்றான்.

ஆள் தெரியவில்லை. வண்டியின் பின்பக்கம் நிழலில் இருந்தது. அந்த நிழலுக்குள் கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் நின்றிருப்பார் என்று மட்டும் அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்லி இன்று விடைபெறுகிறேன்.